பேச்சின் விலை, இருப்பின் வாடகை

1

செல்போன் கட்டணம் குழப்பமாக இருக்கிறது என்று சொல்லாதவர் இல்லை. 28 நாள், 56 நாள், 84 நாள். தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி. டாப்-அப் தனி, வேலிடிட்டி தனி. பத்து ரூபாய்க்குப் போட்டால் ஏழு ரூபாய் நாற்பத்தேழு பைசாதான் ஏறுகிறது. ‘என்ன எழவோ, ஒண்ணும் புரியல’ என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் கை காட்டுவதையே போட்டுக்கொண்டு வருகிறோம். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் வேறொன்று சொல்வார்கள்: ‘அங்க மாசாமாசம் டாலர் டாலரா கட்டறோம். இங்க கொள்ளை மலிவு. உங்களுக்கு என்ன குறை?’ குழப்பம் என்ற புலம்பலும் மலிவு என்ற பெருமிதமும் எதிரெதிரானவை போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் நின்றுதான் பேசப்படுகின்றன. விலைப்பட்டியலை மழை, வெயில் போல இயற்கையான ஒன்றாக எடுத்துக்கொண்ட பிறகே இரண்டும் வாய் திறக்கின்றன. இதில் விற்கப்படும் சரக்கு எது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

அரிசிக்குப் படி, துணிக்கு மீட்டர், பாலுக்கு லிட்டர். அலகு மாறாதவரை இன்றைய விலையை நேற்றைய விலையோடு ஒப்பிடலாம். ஒப்பிட்டால் சண்டையாவது போடலாம். டெலிபோன் வியாபாரத்தில் அலகே திரும்பத் திரும்ப மாற்றப்பட்டிருக்கிறது. முதலில் தூரம், அப்புறம் நிமிஷம், அப்புறம் நொடி, இப்போது நாள். விலை குறைந்துவிட்டது என்று நாம் கொண்டாடிய ஒவ்வொரு தருணமும் அலகு மாறிய தருணமாகவும் இருந்திருக்கிறது. குழப்பம் அங்கிருந்துதான் பிறக்கிறது. கூடவே இன்னொன்றும் நடந்திருக்கிறது: சுமை, அதிகம் பேசுகிறவரிடமிருந்து குறைவாகப் பேசுகிறவர் மேல், கடைசியில் யாரும் கூப்பிடமாட்டார்களா என்று வெறுமனே காத்திருப்பவர் மேல் நகர்ந்திருக்கிறது. இந்த நகர்வின் வரலாற்றைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இதற்குச் சிறுசேரி வசதியான இடம். திருப்போரூர் ஒன்றியத்துக் கிராமமாக இருந்தது, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் வேறொன்றாக ஆகிவிட்டது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்று இருக்கிறது. பூங்காவுக்குள் உலகத்தின் எல்லா நேரமண்டலங்களுக்கும் வேலை செய்கிற கம்பெனிகள், தரவு மையங்கள். வெளியே கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்களின் தகரக் கொட்டகைகள். துப்புரவுக்கும் காவலுக்கும் சமையலுக்கும் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிற பெண்கள், ஆண்கள். எல்லார் கையிலும் செல்போன் உண்டு. எல்லாரும் ஒரே சரக்கைத்தான் வாங்குகிறார்களா என்பதே கேள்வி.

2

1885ம் வருஷத்துத் தந்திச் சட்டம் இந்தியாவில் தந்தி நடத்தும் தனியுரிமையை அரசுக்குக் கொடுத்தது. ‘தந்தி’ என்ற சொல்லின் வரையறையை நீட்டி நீட்டியே டெலிபோனும் பிறகு செல்போனும் அதற்குள் அடைக்கப்பட்டன. 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறும்வரை, நூற்று முப்பது வருஷங்களுக்கு மேல், நம் பேச்சு முழுவதும் சட்டத்தின் கண்ணில் தந்தியாகவே இருந்தது. இது வெறும் சொல் விளையாட்டல்ல. தந்தி என்பது சொல்லை எண்ணிக் காசு வாங்கும் ஏற்பாடு. 1871ல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடிக் கம்பி இணைத்தபோது அதில் ஓடியது சொல்லெண்ணிக்கைக்கு விலை கட்டக்கூடியவர்களின் செய்தி: வியாபாரிகள், அதிகாரிகள். ஒரு வாக்கியத்தை ஒரே சொல்லாகச் சுருக்கும் சங்கேதப் புத்தகங்களை வியாபாரிகள் வைத்திருந்தார்கள். விலையை ஏமாற்ற மொழியையே மாற்றிக்கொள்ளும் பழக்கம் மிஸ்டு காலோடு தொடங்கியதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதே கடற்கம்பிகளில் மலாயாத் தோட்டங்களுக்குப் போன ஆட்களின் குரல் இல்லை. அவர்களுக்குக் கப்பல் தபால்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் டெலிபோனில் விற்கப்பட்ட சரக்கு தூரம். ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்த காலத்தை நினைவுள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கே மூன்று விலை. குறிப்பிட்ட ஆள் வந்து பேசினால்தான் கணக்கு என்கிற பி.பி. காலுக்குத் தனிக் கட்டணம். 1960ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. வந்தது. அதன்பின் ஆபரேட்டரின் இடத்தில் மீட்டர் வந்து உட்கார்ந்தது. தூரம் கூடக் கூட ‘பல்ஸ்’ சுருங்கும். உள்ளூர்ப் பேச்சில் மூன்று நிமிஷம் நீண்ட அதே யூனிட், டெல்லிக்குப் பேசினால் சில நொடிகளில் தீர்ந்துபோகும்.

தமிழ் இலக்கணத்தில் பேச்சுக்கு ஒரு அளவை உண்டு: மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அதற்குத் தொல்காப்பியம் காட்டும் அளவுகோல் கண்ணிமைப்பதும் விரல் நொடிப்பதும். பேச்சின் அளவு பேசுகிறவரின் உடம்பிலேயே இருந்தது என்று இதைப் படிக்கலாம். பல்ஸ் என்ற அளவு எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது. பேசுகிறவர் தன் நொடியை விட்டுவிட்டு அந்த நொடிக்குப் பேசப் பழக வேண்டும். தொழிற்சாலைக் கடிகாரம் உழைப்பாளியின் காலத்தை எப்படிப் பிடுங்கியது என்று ஈ.பி. தாம்ஸன் 1967ல் ஒரு கட்டுரை எழுதினார். எஸ்.டி.டி. பூத்தில் தலைக்கு மேல் சிவப்பாக ஓடிய எண்கள் அதே வேலையைக் குரலுக்குச் செய்தன. ‘சரி வச்சிடறேன், ஏறுது’ என்ற வாக்கியம் எத்தனை அம்மாக்களின் பேச்சைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது!

1980களின் கடைசியிலும் 90களிலும் பரவிய மஞ்சள் போர்டு பூத்துகளை இன்று ஏக்கத்தோடு பேசுகிறோம். அதில் நியாயம் இருக்கிறது. உடல் ஊனமுற்ற பலருக்கு அது பிழைப்பைக் கொடுத்தது. வீட்டில் போன் இல்லாதவருக்கும் ஊர் உலகத்தைக் காட்டியது. இரவு ஆக ஆகக் கட்டணம் இறங்கும் என்பதற்காக ராத்திரி பத்து மணிக்கு மேல் வரிசையில் நின்றவர்கள், விலைப்பட்டியலைத் தங்கள் தூக்கத்தால் ஈடுகட்டினார்கள். ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். அந்த ஏற்பாட்டில் கூப்பிடப்படுகிறவர் காசு தரவேண்டியதில்லை. பக்கத்து வீட்டு போனுக்கு வந்த அழைப்பை வாங்கிப் பேசிய கிழவியிடம் எந்த மீட்டரும் எதுவும் கேட்கவில்லை.

3

1995 ஜூலை 31ல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் செல்போனில் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. ஒரு மார்க்சிஸ்ட் முதல்வரின் குரலோடு தாராளமயம் தன் மணியை அடித்தது என்று கிண்டல் செய்வது சுலபம். அதைத் தாண்டி விலையைப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 8 ரூபாய் 40 பைசா. நெரிசல் நேரத்தில் 16 ரூபாய் 80 பைசா. பேசினாலும் இதே விலை. யாராவது கூப்பிட்டு எடுத்தாலும் இதே விலை. சரக்கு இப்போது தூரம் மட்டுமல்ல, அழைப்பின் இரண்டு முனைகளும் சரக்கு.

அல்தூஸர் சொன்ன ‘விளிப்பு’ இங்கே நினைவுக்கு வருகிறது. தெருவில் போலீஸ்காரர் ‘ஏய், உன்னைத்தான்’ என்கிறார். திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே அதிகாரத்தின் குடியாகிறான். 1995ன் செல்போனில் திரும்பிப் பார்த்ததற்கே பில் வந்தது. மணி அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டுக் கட் பண்ணி, பக்கத்து பூத்துக்கு ஓடித் திரும்பக் கூப்பிட்டவர்கள் இந்த அதிகாரத்துக்குத் தங்களுக்குத் தெரிந்த பதிலைச் சொன்னார்கள். மிஸ்டு கால் என்ற நாட்டார் மொழி அங்கே உருவானது. ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் கீழே இறங்கி வா. சந்தையின் இலக்கணத்துக்குள் நுழைந்து, அதில் காசில்லாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அர்த்தத்தை ஏற்றிவிட்டார்கள்.

இந்தக் காலத்தின் இன்னொரு கண்டுபிடிப்பு ‘சர்க்கிள்’. சென்னைக்கு ஆர்.பி.ஜி., ஸ்கைசெல் என்ற இரண்டு கம்பெனிகள். மீதித் தமிழ்நாட்டுக்கு வேறு இரண்டு. சென்னை உரிமப் பகுதிக்கு எழுதப்பட்ட எல்லையில் சென்னை டெலிபோன்ஸின் உள்ளூர்ப் பகுதியோடு மறைமலைநகர் ஏற்றுமதி வளாகம், மீஞ்சூர், மகாபலிபுரம் எக்ஸ்சேஞ்சுகள் சேர்க்கப்பட்டிருந்தன. அந்தப் பட்டியலில் செங்கல்பட்டு என்ற பெயர் இல்லை. மகாபலிபுரம் உள்ளே, செங்கல்பட்டு வெளியே! ஒரு பஸ் பயணத் தூரம். தாலுகா ஆபீஸ், கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் கடற்கரை ஊர்க்காரர்கள் போகிற ஊர். செல்போனின் வரைபடத்தில் அது அயல் தேசம். அங்கே போனால் ரோமிங். ரோமிங் என்றால் அலைதல். ஜமாபந்திக்குப் போனவன் அலைந்து திரிபவனாக ஆக்கப்பட்டான்.

இதில் தற்செயல் எதுவும் இல்லை. வெளிநாட்டுப் பயணிகளும் ஹோட்டல்களும் இருந்த மாமல்லபுரம் சந்தையின் கண்ணுக்கு ஊராகத் தெரிந்தது. செங்கல்பட்டு தெரியவில்லை. அதே மாமல்லபுரத்தின் லேண்ட்லைனுக்கோ எஸ்.டி.டி. எண் நெடுங்காலம் 04114, அதாவது சென்னை அல்ல. 044க்குள் அது வந்தது பிறகுதான். ஆக ஒரே ஊர், செல்போனில் சென்னைக்கு உள்ளேயும் கம்பி போனில் சென்னைக்கு வெளியேயும் இருந்தது. 2005ல் சென்னை உரிமப் பகுதி தமிழ்நாட்டு வட்டத்தோடு சேர்க்கப்பட்டபோதுதான் இந்த எல்லைக்கோடு அழிந்தது. உள்நாடு/வெளிநாடு என்ற இருமை பாஸ்போர்ட் ஆபீஸில் தொடங்குவதாக நினைக்கிறோம். கட்டணப் பட்டியல் அதைத் திருக்கழுக்குன்றம் சாலையிலேயே போட்டுக் காட்டியது.

இருமுனைக் கட்டணத்தின் பின்னால் இருந்த பொருளாதாரம் எளிமையானது. கம்பெனிகள் 1994-95ல் பெரிய தொகைகளுக்கு உரிமம் எடுத்தன. கட்ட முடியாமல் தவித்தன. 1999ன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை அவர்களை நிலையான உரிமக் கட்டணத்திலிருந்து வருவாய்ப் பங்கு முறைக்கு மாற்றி விடுவித்தது. சந்தாதாரருக்கு விடுதலை வர இன்னும் நாலு வருஷம் ஆனது. 2003 மே 1ல் ‘கூப்பிடுகிறவரே கட்டணம் தர வேண்டும்’ என்ற முறை நடைமுறைக்கு வந்தது. இன்கமிங் இலவசம். கொத்தனாரும் பூக்காரம்மாவும் ஆட்டோக்காரரும் செல்போன் வாங்கியதற்கு மலிவு செட்டும் போட்டியும் காரணம் என்பார்கள், அவையும் உண்டு. ஆனால் வேலைக்குக் கூப்பிடப்படுவதையே நம்பிப் பிழைக்கிறவருக்கு இன்கமிங் இலவசம் என்பதுதான் முதல் காரணமாக இருந்திருக்க முடியும். காசில்லாதபோதும் அவரை யாராவது கூப்பிட முடிந்தது.

4

அடுத்து வந்தது ஆயுள். 2005ன் கடைசியிலும் 2006ன் தொடக்கத்திலும் கம்பெனிகள் ‘லைஃப்டைம்’ திட்டங்களைக் கொண்டுவந்தன. ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஒரு தடவை கட்டினால் போதும், ஆயுள் முழுக்க இன்கமிங். யாருடைய ஆயுள் என்று டிராய் கேட்க வேண்டி வந்தது. வந்த விளக்கம்: கம்பெனி வைத்திருக்கும் உரிமத்தின் ஆயுள். சந்தாதாரர் தன் ஆயுளை நினைத்துக் கட்டினார். பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது கம்பெனியின் ஆயுள். ஒரு சொல்லில் இரண்டு குறிப்பீடுகள், ஒரு விலை. இதைவிடத் தெளிவாக ஒரு பிரதி தன்னையே கட்டவிழ்த்துக் காட்ட முடியாது.

2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல்.லின் ‘ஒன் இந்தியா’ திட்டம் நாடு முழுக்க நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்றது. தூரம் என்ற சரக்கின் மரண அறிவிப்பு அது. 2009ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்தது. அதுவரை 61 நொடி பேசினால் இரண்டு நிமிஷக் காசு. அந்தச் சின்னத் திருட்டு நின்றது. எல்லாக் கம்பெனிகளும் பின்னால் வந்தன. கண்ணிமைப் பொழுதும் கைநொடிப் பொழுதும் கிட்டத்தட்ட பில்லுக்குள் வந்துவிட்ட அந்தச் சில வருஷங்கள்தான் இந்தியச் செல்போன் கட்டணம் சாமானியருக்குப் புரிந்த காலம் என்று நினைக்கிறேன். பேசிய அளவுக்குக் காசு, பேசாவிட்டால் காசில்லை, யார் கூப்பிட்டாலும் இலவசம். மூன்று வாக்கியங்களில் சொல்லிவிடலாம்.

அந்தத் தெளிவு நீடிக்கவில்லை. ரேட் கட்டர், பூஸ்டர், நைட் பேக் என்று பெயர்கள் பெருகின. பின்னணியில் கம்பெனிகளுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. ஒரு கம்பெனியின் சந்தாதாரர் இன்னொரு கம்பெனிக்காரரைக் கூப்பிட்டால், எடுத்து முடிக்கும் கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று தர வேண்டும். இது 20 பைசாவாக இருந்து 2015ல் 14 பைசா, 2017ல் 6 பைசா, 2021 தொடக்கத்திலிருந்து பூஜ்யம் என்று இறங்கியது.

இந்தக் கணக்கைச் சுற்றி 2019ல் நடந்தது சுவாரஸ்யமானது. போன் எத்தனை நொடி அடிக்க வேண்டும் என்பதில் கம்பெனிகள் சண்டை போட்டன. ஜியோ மணியடிக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டது, அதனால் எடுப்பதற்குள் கட் ஆகி எங்கள் சந்தாதாரர்கள் திரும்பக் கூப்பிடுகிறார்கள், காசு அவர்களுக்குப் போகிறது என்று போட்டிக் கம்பெனிகள் புகார் சொல்ல, அவர்களும் நேரத்தைக் குறைத்தார்கள். கடைசியில் டிராய் செல்போனுக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60 நொடி என்று விதி போட்டது. ஏழையின் தந்திரமாக இருந்த மிஸ்டு காலை, கம்பெனிகள் எந்திரத்தைக் கொண்டு மொத்தமாக உற்பத்தி செய்யலாம் என்று ஆனதே, அதைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பின் மொழி எதிராளியின் கைக்குப் போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

5

இப்போது ‘அங்கே’ என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வெளிநாடு என்பதை ஒரே இடமாக வைத்துப் பேசுவதே முதல் பிழை.

அமெரிக்காவில் செல்போனுக்கும் லேண்ட்லைனுக்கும் ஒரே மாதிரிப் பகுதி எண்தான். கூப்பிடுகிறவருக்கு அது செல்போன் என்று தெரியாது. தெரியாத செலவை அவர் தலையில் கட்ட முடியாது. ஆகவே வாங்குகிறவரும் தன் நிமிஷங்களைச் செலவழிக்க வேண்டும் என்ற முறை வேரூன்றியது. சிங்கப்பூரிலும் வாங்குகிறவர் தலையில்தான். ‘ஃப்ரீ இன்கமிங்’ என்பது அங்கே ஒரு கூடுதல் வசதியாக விற்கப்பட்டது. ஐரோப்பாவில் செல்போனுக்குத் தனி எண்வரிசை, அதனால் கூப்பிடுகிறவருக்கே கட்டணம். அங்கே பிரச்னை எல்லை தாண்டும்போது வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007ல் ரோமிங் கட்டணத்துக்கு உச்சவரம்பு போடத் தொடங்கி, பத்து வருஷம் கம்பெனிகளோடு மல்லுக்கட்டி, 2017 ஜூன் 15ல் உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தையே ஒழித்தது. யார் காசு தர வேண்டும் என்பது தொழில்நுட்பம் தீர்மானிக்கிற விஷயமல்ல என்று இந்த மூன்று உதாரணங்களும் சொல்கின்றன. எண்ணை எப்படி ஒதுக்குவது, எல்லையை எங்கே போடுவது, கம்பெனியின் கையை யார் பிடிப்பது என்ற அரசியல் முடிவுகள் அவை.

நம்மவர்களில் பெரும்பாலோரின் வெளிநாடு இவற்றில் இல்லை. வளைகுடாவில் 1980களில் போன் கட்டணத்துக்குப் பயந்து கேசட்டில் பேசிப் பதிவுசெய்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். ஒரு மணி நேரப் பேச்சு, பதில் வர இரண்டு மாசம். பிறகு கீறி எண்ணெடுக்கும் காலிங் கார்டு வந்தது. அட்டையில் அச்சிட்ட நிமிஷம் ஒன்று, கிடைத்த நிமிஷம் வேறொன்று. இணைப்புக் கட்டணம், முழு நிமிஷமாக்கிக் கழித்தல் எல்லாம் எறும்பெழுத்தில். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2008ல் இப்படிப்பட்ட கார்டு கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டது. அறிவித்த நிமிஷங்கள் கார்டில் இல்லை என்பதே குற்றச்சாட்டு. இந்தக் கார்டுகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் குடியேறிகள். குழப்பமான விலைப்பட்டியல், புகார் செய்யத் தெம்பும் மொழியும் நேரமும் இல்லாதவரைத் தேடிப் போகிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகச் செய்தி அனுப்பலாம், பேச முடியாது. இணையப் பேச்சு தடுக்கப்பட்டது. 2018 தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்ட செயலி ஒன்றின் வழியே பேசுவதற்கு மாதம் 50 திர்ஹம் என்று தொலைபேசிக் கம்பெனிகள் தனித் திட்டம் போட்டன. டேட்டாவுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தவர், அந்த டேட்டாவில் தன் பிள்ளையின் குரலைக் கேட்க இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். குரல் என்பது விலையேற்றப்பட்ட டேட்டாவாகிறது. பொருள்வயின் பிரிவைப் பற்றி நம் மரபில் எவ்வளவோ பேசப்பட்டிருக்கிறது; பிரிந்தவன் அனுப்பும் தூதுக்குக் கட்டணம் வசூலிக்கும் இடம் மட்டும் அதில் இல்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘இந்தியாதான் மலிவு’ என்ற பெருங்கதையாடலுக்கு வருவோம். ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று கேட்டால் மலிவுதான், மறுக்க முடியாது. ஆனால் ஒரு ஜிபி என்ற அலகைத் தேர்ந்தெடுத்தது யார்? மாதம் முழுக்கப் படம் பார்க்கிறவருக்கு ஜிபி சரியான அலகு. பட்டன் போனில் மகளின் அழைப்புக்குக் காத்திருக்கும் கோவளத்து மீனவக் கிழவருக்கு அந்த அலகில் எதுவுமே இல்லை. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ஒன்றும் பேசாமல், ஒன்றும் பார்க்காமல், வெறுமனே தொடர்பில் இருக்க ஒரு வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது என்பது.

6

2016 செப்டம்பர் 5ல் ஜியோ வந்தது. பேச்சு இலவசம், டேட்டாவுக்குத்தான் காசு என்றது. பேச்சு என்ற பழைய சரக்கு அன்றோடு கடையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் போட்டியைத் தாங்காமல் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. தமிழ்நாட்டில் அதிகம் வலித்தது ஏர்செல்லின் சாவு. 2018 பிப்ரவரியில் சிக்னல் போய், வேறு கம்பெனிக்கு மாற எண் கேட்டு ஷோரூம் வாசல்களில் ஜனங்கள் மொய்த்தார்கள். அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது. லைஃப்டைம் என்றால் யாருடைய லைஃப் என்ற பழைய கேள்விக்கு வீதியில் விடை கிடைத்தது.

அதே 2018ன் கடைசியில்தான் நான் முக்கியமாகக் கருதும் மாற்றம் நடந்தது. அது பெரிய செய்தியாகவும் ஆகவில்லை. ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 35 ரூபாயில் தொடங்கும் ‘மினிமம் ரீசார்ஜ்’ கொண்டுவந்தன. 28 நாளுக்கு ஒரு தடவை போடாவிட்டால் முதலில் அவுட்கோயிங் நிற்கும். சில நாள் அவகாசத்துக்குப் பின் இன்கமிங்கும் நிற்கும். சந்தாதாரர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள் என்று டிராய் கம்பெனிகளிடம் கேட்டுக்கொண்டது, கட்டணத்தைத் தொடவில்லை. 2003 மே 1ல் கிடைத்தது 2018ல் இப்படித்தான் கைவிட்டுப் போனது. 1995ல் மணி அடித்து எடுத்தால் காசு. இப்போது மணி அடிக்கும் தகுதியோடு இருப்பதற்கே காசு. முன்னதாவது பேசிய நிமிஷத்துக்கு வாங்கியது. பின்னது இருப்புக்கு வாடகை வாங்குகிறது.

28 நாள் என்ற அந்த எண்ணையும் பார்க்க வேண்டும். சம்பளம் மாசத்துக்கு ஒரு தடவை, வீட்டு வாடகை மாசத்துக்கு ஒரு தடவை. செல்போனுக்கு மட்டும் வருஷத்தில் பதின்மூன்று மாசம். 2022 ஜனவரியில் டிராய், ஒவ்வொரு கம்பெனியும் 30 நாளுக்கு ஒரு திட்டமாவது, ஒவ்வொரு மாசமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. திட்டம் வந்தது, பட்டியலில் இன்னொரு வரி கூடியது, 28 போகவில்லை. 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றின. ஏர்டெல்லிலும் வோடபோன் ஐடியாவிலும் 179 ரூபாய்த் திட்டம் 199 ஆனது. பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள்: 2,587 ரூபாய். 35 ரூபாயில் தொடங்கிய கதை இது. இடையில் ஆறு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

டேட்டா வேண்டாதவரும் டேட்டாவோடு சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் டிராய், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டங்களைக் கம்பெனிகள் கட்டாயம் தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அவை வந்தன. ஆனால் 84 நாளுக்கு மொத்தமாக, ஒரே தடவையில் நானூற்றுச் சொச்சம் ரூபாய் கேட்கும் வடிவில். தினக்கூலிக்காரர் கையில் நானூறு ரூபாய் ஒரே நாளில் சும்மா இருக்குமா என்று பட்டியலை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டியதில்லை. மலிவான விலை மொத்தமாகக் கட்டக்கூடியவனுக்கு, சில்லறையில் வாங்குகிறவனுக்குக் கூடுதல் விலை என்பது மளிகைக் கடையிலேயே நாம் பார்த்ததுதான்.

சிறுசேரியில் இது எப்படி நடக்கிறது? சாலையோரத்துக் கடைகளில் சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்கள் ரீசார்ஜுக்கு நிற்கிறார்கள். பூங்காவுக்குள் இருக்கிற இன்ஜினீயர் 84 நாளோ ஒரு வருஷமோ செயலியில் போட்டுவிடுகிறார். அவருக்கு இந்தப் பிரச்னை கண்ணில் படுவதுகூட இல்லை. ஒடிசாத் தொழிலாளிக்கு இரண்டு போன்: தன்னிடம் ஒன்று, ஊரில் பெண்டாட்டியிடம் ஒன்று. இரண்டுக்கும் இவர்தான் போடுகிறார். வேலை நின்ற மாசத்தில் எதை விடுவது? ஊர் போனை விட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்ல வழியில்லை. தன் போனை விட்டால் மேஸ்திரி கூப்பிட வழியில்லை; வேலை நின்றது நின்றதுதான். வங்கியின் ஓ.டி.பி., ஆதார், கேஸ் சிலிண்டர், சம்பளம் ஏறிய எஸ்.எம்.எஸ். எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. எண் செத்தால் வங்கிக் கணக்கும் பாதி செத்த மாதிரி. குடிமகன் என்ற தகுதியை அரசு பத்து இலக்கங்களில் கொண்டுபோய்க் கட்டிவிட்டது. அந்த இலக்கங்களை உயிரோடு வைத்திருக்கும் செலவை மட்டும் சந்தைக்கு விட்டுவிட்டது. எண்ணை நீ விரும்பினால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் விடு என்று சொல்லும் சுதந்திரச் சந்தை இங்கே எங்கே இருக்கிறது?

சென்னைக் கடற்கரையில் வந்திறங்கும் கடலடிக் கேபிள்களை நம்பித்தான் இந்தச் சாலையின் தொழிலே நடக்கிறது. 1981ல் சென்னைக்கும் பினாங்குக்கும் போட்ட கம்பி, 2002ல் சிங்கப்பூருக்குப் போட்ட கண்ணாடி இழை, அதன்பின் வந்தவை என்று உலகத்தின் பேச்சு இந்தக் கரையில் ஏறுகிறது. அதைச் சேமிக்கும் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியவரின் போனில் ‘தாங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை’ என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொல்கிறது. உபயோகத்தில் இல்லாமல் போனது எண்ணா, ஆளா?

7

டிராய் தன் அணுகுமுறைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. தமிழில் ‘பொறுத்திருத்தல்’ எனலாம். செல்போன் கட்டணத்தைக் கம்பெனிகளே தீர்மானிக்கட்டும். போட்டி இருக்கும்வரை ஆணையம் தலையிடாமல் பொறுத்திருக்கும். பத்துக் கம்பெனிகள் மோதிக்கொண்ட காலத்தில் இதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. மூன்று தனியார் கம்பெனிகளும் தவிக்கிற ஓர் அரசுக் கம்பெனியும் மீந்திருக்கிற இன்று, யார் யாரைப் பொறுத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

விலைப்பட்டியலை எளிமையாக்கு என்று மட்டும் கோருவது போதாது என்பது என் தரப்பு. எளிமையான பட்டியலிலும் இருப்புக்கு வாடகை வாங்க முடியும். சொல்லப்போனால் இன்னும் சுலபமாக முடியும். கோர வேண்டியது அலகைப் பற்றி. எண்ணை அரசாங்கமே அடையாளமாக ஆக்கிவிட்ட ஒரு நாட்டில், அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் வந்து சேர்வது சரக்காக இருக்கக் கூடாது. ரீசார்ஜ் போட்டாலும் போடாவிட்டாலும் குறைந்தது ஒரு வருஷத்துக்கு இன்கமிங் நிற்கக் கூடாது என்று ஒரு விதி. இது கனவு ஒன்றும் அல்ல; 2003ல் இதைவிடப் பெரிய விதி போடப்பட்டது, தொழில் அழியவில்லை, பெருகியது. கம்பெனிகள் நஷ்டம் என்பார்கள். கூப்பிடப்படாத எண்ணால் அவர்களுக்கு என்ன செலவு என்ற கணக்கை ஆணையம் பொதுவில் கேட்டு வாங்கி வைக்கட்டும், அதன்மேல் பேசலாம்.

தொழிற்சங்கங்கள் கூலியைப் பேசும்போது வாடகை, பஸ் கட்டணம், அரிசி விலை என்று பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியலில் வருஷத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜும், வீட்டில் எத்தனை எண் உண்டோ அத்தனை தடவை, இடம்பெற வேண்டும். இந்தச் செலவை ஆடம்பரம் என்று சொல்பவர்கள் நம் நண்பர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் எண்ணை இரண்டு மாசம் ரீசார்ஜ் போடாமல் விட்டுப் பார்க்கட்டும்.